பவுல்சாமி குடும்பக் கல்லறை

"அதெல்லாம் தொறக்க முடியாதுண்ணா. சும்மா என்னாண்ட கத்தாத."

"ஏன் முடியாது? எங்க குடும்பக் கல்லறை. எங்க தாத்தா வாங்கினது. கல்லுல பேரு கீது, போய்ப் பாரு."

"கல்லுல பேரு கீது, நானா இல்லன்னேன்? உள்ள ஆளு கீதே, அதுக்கின்னா சொல்ற?"

"தாத்தாவும் ஆயாவும் கீறாங்க. அவங்க போயி முப்பது வருஷமாச்சு."

"அவங்கள சொல்லல நைனா. அதுக்கு மேல ஒண்ணு கீது. நாலு வருசம் முன்னாடி நான்தான் மூடினேன், தோ இந்தக் கையால."

மாடிப்படியில் நடந்த இந்தச் சண்டை, மெழுகுவர்த்தி தேடிச் சமையலறைக்கு வந்த லூயிசாவின் காதில் ஒரு சொல் விடாமல் விழுந்தது. படியில் நின்றவன் வேம்பு. கோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். கால் முழுக்கச் சேறு, வீட்டுக்குள் வரமாட்டேன் என்று நாலாவது படியிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு மேல் படியில், நேற்றுப் போட்ட சட்டையோடு லூயிசாவின் மகன் ஃபிரெட்ரிக். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருஷன் பவுல்சாமி. பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு உறுமியது. வெளியே நவம்பர் மழை. நேற்று மத்தியானம் பிடித்தது, இன்னும் விடவில்லை.

நேற்றுச் சாயங்காலப் பூசைக்குக் கிளம்பியவர் செருப்பை மாட்டக் குனிந்தார், நிமிரவில்லை. எழுபத்திரண்டு வயது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் "நல்ல சாவும்மா" என்றார்கள். லூயிசா தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது அவள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"யாருடா உள்ள?"

ஃபிரெட்ரிக் திரும்பினான். "ஒண்ணுமில்லம்மா. நீ உள்ள போ."

"உன்ன கேக்கல. வேம்பு, யாரு?"

வேம்பு குடையை மடக்கினான். லூயிசா முப்பது வருஷம் பால்வாடியில் பாடம் சொன்னவள். அவன் பெண்ணும் அவளிடம்தான் படித்தது.

"டீச்சரம்மா, சாவு ஊட்ல இத்த சொல்லக் கூடாது. கேக்குற, சொல்றேன். ஒரு பொண்ணு. ரெண்டாவது கொரோனா வந்துச்சே, அந்த மே மாசம். சாருதான் கையெழுத்துப் போட்டு வெக்கச் சொன்னாரு. ஒருதபா மூடினா பதினாலு வருசம் தொறக்கக் கூடாது, அது இப்ப கோயில் சட்டம். சட்டத்த வுடு. அது பையில ஜிப்பு போட்டு வந்த பாடி. அந்த பிளாஸ்டிக்கு மக்காது. நா எப்டி மம்முட்டிய போடுவேன்?" சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "சாரு உன்னாண்ட சொல்லலியா?"

லூயிசா வாசலில் சாரலில் நின்றாள். தீப்பெட்டி ஈரமாகிக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லறை ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டி, ஆற்றுக்குப் போகிற வழியில், சுற்றுச்சுவருக்குள் மேற்கு மூலையில் இருக்கிறது. பவுல்சாமியின் அப்பா வாங்கிப் போட்ட ஆறடி இடம். அதில் அவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர்களோடு ஸ்டெல்லாவும் இருக்கிறாள். லூயிசாவின் மூத்த பெண். எண்பத்தாறில் பிறந்து மூன்று நாள் இருந்தாள். பிழைக்காது என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியே குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஞானஸ்நானம் கொடுத்தாள். லூயிசா தன் கழுத்திலிருந்த கடுகளவு வெள்ளிச் சிலுவையைக் கழற்றி, கறுப்பு நூலில் கோத்து, குழந்தை கழுத்தில் கட்டி அனுப்பினாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று அவளைக் கல்லறைக்குக் கூட்டிப் போகவில்லை. மண் போட்டதை அவள் பார்த்ததே இல்லை. பிறகு ஜொவிட்டா பிறந்தாள், ஃபிரெட்ரிக் பிறந்தான். ஆனால் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அந்தக் கல்லைக் கழுவும்போது அவள் பவுல்சாமியிடம் ஒன்றையே சொல்வாள்: "நா போனா என்ன இவளோட வெச்சிடுங்க."

அவரும் ஒன்றையே சொல்வார்: "நம்ம எடம்தானே லூயிசா. எங்க போவப்போவுது?"

நாலு வருஷமாகவும் அதையேதான் சொன்னார்.

காலை எட்டு மணிக்கு வடபழனியிலிருந்து ஜொவிட்டா வந்தாள். நேற்றிரவு பிள்ளைகளை விடப் போனவள். நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே தம்பி சொன்னதைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அழுகிற மாதிரிச் சிரித்தாள்.

"கல்லறையையுமாடா குடுத்துட்டாரு?"

"சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

"எரியாம? உனக்கு ஞாபகம் கீதா, வெள்ளம் வந்த வருஷம். அம்மாவோட குக்கர தூக்கி அந்தக் கால்வாய்க்கரை ஃபேமிலிக்குக் குடுத்துட்டாரு. அம்மா திட்டுனாங்க. மறுநாள் காலைல பாத்தா, குக்கர் வெயிட்டு இங்கியே கெடக்குது. அத்த எடுத்துகினு இடுப்பளவு தண்ணில நடந்து போயி குடுத்துட்டு வந்தாரு."

"உனக்கு அது கதை. எனக்கு? கிறிஸ்மஸ் சட்டைய தச்சு எடுத்துட்டு வரேன்னு போயி, வழில யாரோ கேட்டான்னு குடுத்துட்டாரு. என் சட்டைடி அது, அவருது இல்ல. ஊருக்கெல்லாம் அப்பா. நமக்கு மிச்சம் இருந்தா அப்பா."

"மெதுவா பேசுடா. அப்பா இங்கதான் கீறாரு."

"கேக்கட்டும்."

பெட்டிக்குள் பவுல்சாமியின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. நந்தனம் பக்கம் ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்தவர். வேலையில் இருந்த வரைக்கும் அந்த விரல் நுனிகளில் கறுப்புக் கறை போகவே போகாது. எதைத் தொட்டாலும் லூயிசா, "கையக் கழுவினீங்களா?" என்பாள். ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் கறையெல்லாம் போய், விரல்கள் இப்போது குழந்தை விரல் மாதிரி வெளுத்திருந்தன.

மேல் மாடி விஜயலக்ஷ்மி மாமி ஃப்ளாஸ்கில் காப்பியும், தூக்கில் ரசஞ்சாதமும் கொண்டுவந்து வைத்தாள். லூயிசாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வாய் காப்பியாவது குடிங்கோ. நாள் பூரா இருக்கே. எங்காத்துல அவருக்குக் கால் ஒடஞ்சப்போ, தெனம் இந்த மாடிப்படியில தூக்கிண்டு எறங்கினது இந்த மனுஷர்தான். நாலு மாசம். ஒரு நாள் மொகம் சுளிக்கலையே."

"எங்கிட்டயும் சுளிச்சதில்ல மாமி. ஆனா சொல்லவும் இல்ல."

"என்ன சொல்லல?"

லூயிசா காப்பியை வாங்கிக் குடித்தாள். வாயில் ஒட்டாமல் தொண்டைக்குள் இறங்கியது.

ஒன்பதரைக்கு ஃபாதர் வந்தார். புது ஃபாதர். ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர், சின்ன வயது. பெட்டிக்கு முன்னால் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஃபிரெட்ரிக்கோடு உள் அறைக்கு வந்தார். லூயிசாவும் ஜொவிட்டாவும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, கல்லறைப் பதிவேட்டைப் பாத்தேன். ஃபோட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன், நீங்களே பாருங்க" என்று செல்போனை நீட்டினார்.

லூயிசா கண்ணாடியை மாட்டினாள். பவுல்சாமியின் கையெழுத்து. லேபில் பாட்டிலுக்கு லேபிள் எழுதின பழக்கம், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். பெயர்: சுசானா. வயது: 23. தகப்பன் பெயர்: அ. பவுல்சாமி. குடும்பக் கல்லறை உரிமையாளருக்கு உறவு: மகள்.

அந்தக் கடைசிச் சொல்லை அவள் இரண்டு தரம் படித்தாள்.

ஜொவிட்டா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பாவா எழுதினாரு? ஃபாதர், எனக்கு ஸ்கூல்ல லீவு லெட்டர் கேட்டா, காய்ச்சல்னு எழுத மாட்டாரு. 'சினிமாவுக்குப் போனாள்'னு எழுதிக் குடுத்தாரு. அரை நாள் முட்டி போட்டேன். அவரா பொய் எழுதினாரு? அதுவும் கோயில் நோட்டுல?"

"குடும்பக் கல்லறையில குடும்பத்தாரத்தான் வைக்கலாம்மா. அதனால அப்படி எழுதியிருக்கார். முன்னாடி இருந்த ஃபாதரும் அந்த நெருக்கடியில கேள்வி கேக்கல போல."

"யாரு ஃபாதர் அந்தப் பொண்ணு?" என்றாள் லூயிசா.

"வடக்கேயிருந்து வந்து இங்க ஒரு ஃப்ளாட்ல தங்கி வீட்டு வேலை செஞ்ச பொண்ணாம். கத்தோலிக்கப் பொண்ணு. நம்ம கோயில் பங்குல பேர் இல்ல. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் வெறும் சுசானாதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஃபிரெட்ரிக் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டான். "விஷயத்துக்கு வாங்க ஃபாதர். அம்மா, ஒரு வழி கீது. பதிவேட்டுல எழுதினது தப்புன்னு நாம லெட்டர் குடுக்கணும். இடம் இப்ப உன் பேர்ல, நீதான் கையெழுத்துப் போடணும். போட்டா, அந்தப் பொண்ண அடுக்குக்கு மாத்திட்டு, அப்பாவ நம்ம எடத்துல வெச்சிடலாம். கார்ப்பரேஷன் பர்மிஷனுக்கு என் ஃப்ரெண்டு ஷ்ரவண் காலைலேர்ந்து அலையறான். இன்னிக்கி முடியலன்னா நாளைக்கி. பெட்டி கீது, ஒரு நாள் தாங்கும்."

அடுக்கு என்பது கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டிக் கட்டியிருக்கிற சிமெண்டு அறைகள். தபால் ஆபீஸ் பெட்டிகள் மாதிரி, மேலே மேலே மூன்று வரிசை. சொந்த இடம் இல்லாதவர்களுக்கு. அஞ்சு வருஷம் கழித்து அறையைத் திறந்து, எலும்பை வாரிப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டு, அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

"லெட்டர் குடுக்கலன்னா?" என்று கேட்டாள் லூயிசா.

"அப்பா அடுக்குலம்மா. அஞ்சு வருஷம். அப்பால யாரு எலும்பு யாருதுன்னே தெரியாது. ஐம்பது வருஷம் அந்தக் கோயிலுக்கு உழைச்ச ஆளு, அந்தப் பொதுக்குழிலயா போவணும்? நீயும்தான் சொல்லிகினே இருந்த, ஸ்டெல்லா கூட வெக்கணும்னு. ரெண்டாயிரத்து முப்பத்தஞ்சு வரைக்கும் அந்த எடம் தொறக்காது. உனக்கு இன்னும் பத்து வருஷம், புரியுதா?"

"அந்தப் பொண்ணு?"

"அதான் சொன்னேனே. அடுக்கு."

"அப்பால பொதுக்குழி."

ஃபாதர் தரையைப் பார்த்தார். "சட்டப்படி அதுதான்மா சரியான பதிவு" என்றார் மெதுவாக. அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பதிவேடுதான் தெரியும், பவுல்சாமியைத் தெரியாது.

ஃபிரெட்ரிக் ஏற்கெனவே லெட்டரை எழுதி வைத்திருந்தான். "எங்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ள சுசானா என்பவர் எங்கள் மகள் அல்ல. என் கணவர் தவறான தகவல் அளித்துப் பதிவு செய்துவிட்டார்." கீழே லூயிசாவின் பெயர், கையெழுத்துக்கு இடம்.

லூயிசா பேனாவை எடுத்தாள். பேனா முனையைத் தாளில் வைக்கவும் செய்தாள். அவளுக்குள் கோபம் கனன்றது. குக்கர் போனது, சட்டை போனது, சம்பள நாளில் பாதி வீட்டுக்கு வந்ததே இல்லை. அப்போதெல்லாம் திட்டினாள், பிறகு விட்டுவிட்டாள். ஆனால் இது அவளுடைய இடம். முப்பத்தொன்பது வருஷமாக அவள் போய்ப் படுக்கக் காத்திருக்கிற இடம். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், தினம் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்ன மனுஷனை என்ன செய்வது?

பேனாவை மூடினாள்.

"வேம்பு எங்க?"

"கீழ நிக்கிறான். ஏன்?"

"நா கல்லறைக்குப் போயிட்டு வரேன்."

"பொணத்த ஊட்ல வெச்சிகினா? எல்லாரும் இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். உங்கப்பா எங்கிட்ட சொல்லல. யாராவது சொல்லட்டும்."

மாமிதான் எழுந்து குடையை எடுத்துக் கொடுத்தாள். "போய்ட்டு வாங்கோ. நான் இவர் பக்கத்துல உக்காந்துண்டிருக்கேன்" என்று கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் வேம்பு முன்னால் டிரைவர் பக்கம் ஒண்டிக்கொண்டான். மந்தைவெளியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் மோசம். பள்ளமான பக்கத்தில் சிலுவைகளின் தலை மட்டும் தெரிந்தது. மோட்டார் ஒன்று தண்ணீரை இறைத்துச் சுவருக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

மேற்கு மூலை கொஞ்சம் மேடு. கல் நனைந்து கறுத்திருந்தது. பதினைந்து நாள் முன்பு, கல்லறைத் திருநாளில் வைத்த சாமந்தி அழுகி ஒட்டிக் கிடந்தது. நாலு இடத்தில் மெழுகு உருகி உறைந்திருந்தது.

நாலு. லூயிசா அதைப் பார்த்தபடி நின்றாள். எப்போதும் மூன்றுதான் ஏற்றுவார்கள், அப்பாவுக்கு, அம்மாவுக்கு, ஸ்டெல்லாவுக்கு. கொரோனாவுக்குப் பிறகு வந்த திருநாளில் பவுல்சாமி நாலாவதை ஏற்றினார். "இது யாருக்குங்க?" என்று கேட்டாள். "நெனைக்க ஆளில்லாத ஆத்துமாவுக்கு" என்றார். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான். அவளும் அப்புறம் கேட்கவில்லை. அடுத்த வருஷம் முதல் அவளே நாலாக எண்ணி வாங்கினாள்.

"அன்னிக்கி இன்னா நடந்துச்சு வேம்பு? ஒண்ணு வுடாம சொல்லு."

வேம்பு தலையில் கோணியை இழுத்து விட்டுக்கொண்டான்.

"இன்னாத்த சொல்றது டீச்சரம்மா. அந்த மாசம் நாங்க ராவும் பகலும் தோண்டிகினே இருந்தோம். அடுக்குல ஒரு பொட்டி காலி இல்ல. சாரும் கோயில் வின்சென்ட் சபை ஆளுங்களும் நீல டிரெஸ்ஸ மாட்டிகினு பாடி எறக்குவாங்க. அன்னிக்கி இந்தப் பொண்ண இட்டாந்தாங்க. கூட ஒரு நாதி இல்ல. வேலைக்கு வெச்ச ஊட்டுக்காரங்க ஃபோனே எடுக்கல. பங்கு கார்டு இல்ல, எடம் இல்லன்னுட்டாங்க. ஆம்புலன்சுக்காரன் கேட்டாண்ட நின்னுகினு கத்தறான், 'பத்து நிமிசம்தான், அப்பால நா எரிக்க இட்டுகினு பூடுவேன்'னு. சாரு அந்தப் பத்து நிமிசமும் கேட்டாண்டயே நின்னாரு. மூஞ்சில போட்ட கண்ணாடி பூரா ஆவி. அப்பால விறுவிறுன்னு ஆபீசுக்குள்ள போயி எழுதினாரு. வந்து, 'வேம்பு, எங்க எடத்த தொற'ன்னாரு."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டேனே. 'சார், டீச்சரம்மாவுக்குத் தெரியுமா'ன்னு கேட்டேன். 'அவ கிட்ட கேட்டா வேணான்னுதான் சொல்லுவா. வேணான்னு சொல்ல அவளுக்கு உரிமை கீது. அதான் கேக்கல'ன்னாரு."

லூயிசா குடையை இறுக்கிப் பிடித்தாள்.

"கொழந்தை? எங்கொழந்தை இருந்துச்சே."

வேம்பு கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரித்தான் இருந்தது.

"மூணு நாளு கொழந்தைக்கு இன்னாம்மா இருக்கும். வெறும் மண்ணு. மூலைல ஒரு துணி மூட்டை, உன் மாமனாருக்குக் குழி தோண்டும்போது எங்கப்பன் ஒதுக்கி வெச்சது. அதுல இத்துனூண்டு வெள்ளிச் சிலுவை ஒண்ணு கெடச்சுது. கறுத்துப் போயி."

லூயிசா பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"நா சொன்னேன், 'சார், ஊட்டுக்கு எடுத்துகினு போ, டீச்சரம்மாவாண்ட குடு'ன்னு. கைல வெச்சி ரொம்ப நேரம் பாத்தாரு. 'எடுத்துனு போனா, ஏன் தொறந்தேன்னு லூயிசா கேப்பா. அதுக்கு ஒண்ணு சொல்லணும். இன்னிக்கி ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டேன் வேம்பு, இன்னொண்ணு தாங்காது'ன்னாரு. அந்தப் பொண்ணு பை மேல, நெஞ்சுக்கு நேரா அத்த வெச்சாரு. அப்பாலதான் மண்ணு தள்ளச் சொன்னாரு."

மோட்டார் நின்று போய், மறுபடி இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது.

"அந்தப் பொண்ணு பாக்க எப்டி இருக்கும்?"

"மூஞ்சிய நாங்க எங்க பாத்தோம்? சாருக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம பூசைக்கு வருமாம். பின்னாடி, அந்தோணியார் செலையாண்ட நிக்குமாம்."

லூயிசாவுக்கு ஞாபகம் வந்தது. ஒல்லியாக, ரோஸ் கலர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண். தமிழ்ப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் ரொட்டி கொடுக்கும்போது லூயிசா அவளுக்கு ஒன்று கொடுத்தாள். அவள் இரண்டு கையையும் கூப்பி, "ஜோஹார்" என்று ஏதோ சொன்னாள். புரியவில்லை. "இன்னாம்மா?" என்றாள் லூயிசா. அதற்குள் கூட்டம் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அவளைத் தேடவில்லை. தேட என்ன இருந்தது?

வீட்டுக்குத் திரும்பினபோது பெரியவர்கள் நாலு பேர் முணுமுணுத்தார்கள். லூயிசா யார் முகத்தையும் பார்க்காமல் உள் அறைக்குப் போய், லெட்டரை எடுத்து, மடித்து, ஃபிரெட்ரிக் சட்டைப்பையில் வைத்தாள்.

"கையெழுத்து போடலியா?"

"போடல."

"அம்மா, கோவத்துல பேசாத."

"கோவம்தாண்டா. இல்லன்னு யாரு சொன்னா? செத்தாருன்னு என் கோவம் போயிடுமா? ஆனா கோவத்த அவரு மேல வெச்சிக்கிறேன். அந்தப் பொண்ணு மேல எதுக்கு?"

"அதுக்குன்னு அப்பாவ..."

"உங்கப்பா ஒரே ஒரு பொய் எழுதிருக்காரு. அது பொய்யின்னு எங்கையால நா எழுதிக் குடுக்கணுமா?" அவள் ஃபாதர் பக்கம் திரும்பினாள். "ஃபாதர், நோட்டுல இன்னா எழுதிருக்குதோ அப்டியே இருக்கட்டும். மகள்தான். எங்கள யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல. இப்ப கேக்குறீங்க, சொல்றேன்."

ஃபாதர் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஃபிரெட்ரிக் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நேற்றிலிருந்து அவன் அழவில்லை. ஜொவிட்டா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுடா, நல்லா அழு. கிறிஸ்மஸ் சட்டைக்கும் சேத்து அழு" என்றாள். அவளும் அழுதாள்.

நாலு மணிப் பூசைக்குக் கோயில் கொள்ளவில்லை. கால்வாய்க்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் பின்னால் நனைந்தபடி நின்றன. பிரசங்கத்தில் ஃபாதர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமல், "எனக்கு இவரை அதிகம் தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அடுக்கில் காலியாக இருந்தது மேல் வரிசையில் ஒன்றுதான். ஏணி வைத்து, ஆறு பேர் மேலே தூக்கி, பெட்டியை உள்ளே தள்ளினார்கள். பெட்டி சிமெண்டில் உரசின சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வேம்பு பலகை வைத்து மூடி, பூசி, ஈரச் சிமெண்டில் ஆணியால் பெயரை எழுதினான். அ. பவுல்சாமி. அதற்குப் பிறகு நம்பர்.

லூயிசா மெழுகுவர்த்தியோடு கீழே நின்றாள். கை எட்டவில்லை. ஜொவிட்டா வாங்கி வைக்கப் பார்த்தாள், அவளுக்கும் எட்டவில்லை. கடைசியில் சுவர் ஓரமாகத் தரையிலேயே வைத்தார்கள். சாரலில் அது எரியவே இல்லை.

அங்கிருந்து மேற்கு மூலைக்குப் போனாள். ஜொவிட்டா குடை பிடித்தாள். அழுகின சாமந்தியை லூயிசா கையாலேயே வழித்துத் தள்ளினாள்.

"எழுவத்தேழு வயசு வரைக்கும் நா சாவக்கூடாதாம்டி. உங்கப்பா போட்ட சட்டம்."

"இரும்மா. இருந்துட்டுப் போ."

"அவரு எலும்ப அதுக்கு முன்னாடியே வாரிடுவாங்க. நா வந்தாலும் அவரு இங்க இருக்க மாட்டாரு."

லூயிசா கல்லின் நடுவில், நெஞ்சுக்கு நேராக இருக்கும் என்று நினைத்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். கல் ஜில்லென்று இருந்தது. மழைத் தண்ணீர் விரலைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் கல்லில் புதுப் பெயர் வெட்ட வேண்டும் என்று லூயிசா சொல்லிவிட்டாள். கல் வெட்டுகிறவர் வந்து மூன்று விஷயம் கேட்டார்: பெயர், தகப்பன் பெயர், ஊர். முதலாவதைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் தகப்பன் இடத்தில் பவுல்சாமி தன் பெயரை எழுதிவிட்டதால், அவளைப் பெற்றவன் பெயர் எங்கேயும் இல்லாமல் போய்விட்டது. லூயிசாவுக்கு இதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. "இடத்த குடுத்தாரு சரி. அவங்கப்பன் பேர எடுத்துட்டாரே" என்கிறாள். ஃபிரெட்ரிக்தான் அலைகிறான். அந்த ஃப்ளாட்டுக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், வாட்ச்மேனும் மாறிவிட்டார். "ஜோஹார்" என்பது ஜார்க்கண்ட் பக்கத்தில் வணக்கம் சொல்கிற சொல் என்று ஜொவிட்டா வேலை செய்கிற ஸ்கூலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

பெயர் சுசானா. இருபத்து மூன்று வயது. இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் வரை மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் தங்கி வேலை செய்தாள். ரோஸ் கலர் துப்பட்டா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்தோணியார் சிலைக்குப் பக்கத்தில் நிற்பாள். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலை செய்கிற யாருக்காவது, அவளைத் தெரிந்திருந்தால், அவள் அப்பா பெயரையும் ஊரையும் கீழே பதிலில் எழுதுங்கள். கல்லில் அந்த இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.